இலையை அளந்து மரம் வளர்த்தவர்கள்

பருத்து முறுக்கேறிய ஓர் அடிமரத்தின் மேல், ஒன்றையொன்று தொடாமல், வளைவோ கணுவோ இல்லாமல், பத்துப் பன்னிரண்டு மெல்லிய மரங்கள் வானை நோக்கி நேராக நிற்கின்ற ஒரு புகைப்படம் சில ஆண்டுகளாக உலகமெங்கும் கைமாறி வருகிறது. ஜப்பான் தேசத்தில், பழைய தலைநகரான கியோட்டோவுக்கு வடக்கே உள்ள கிதயாமா மலைகளைச் சேர்ந்தது அந்த மரம். மரத்தைக் கொல்லாமலே மரம் எடுக்கும் வித்தையை ஜப்பானியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், உலகம் அதைப் பின்பற்றினால் காடுகளுக்கு இனி அழிவில்லை என்றும் ஒரு குறிப்பு படத்தின் அடியில் தவறாமல் எழுதியிருக்கும். படம் உண்மையானது, வித்தையும் உண்மையானது, அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு மட்டும் சரியன்று. சில அங்குலப் பருமனுள்ள அந்த மரங்கள் கூரையின் கைமரத்துக்கு உதவுமேயன்றிப் பலகைக்கோ உத்தரத்துக்கோ உதவமாட்டா. ஆனால் அந்த விசித்திரமான உருவத்தைப் படைத்த அறிவு, ஒரு தனி மரத்தோடு நின்றுவிடாமல், ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு தேசத்தின் மலைச்சரிவுகளையே ஆண்டு வந்திருக்கிறது என்பதும், அதன் மூலசூத்திரம் மிகவும் எளியது என்பதும் படம் பார்த்து வியக்கின்றவர்களுக்குத் தெரிவதில்லை.

படத்திலுள்ள மரம் சுகி என்னும் இனத்தைச் சேர்ந்தது; அது ஜப்பானில் இயற்கையாக வளரும் ஊசியிலை விருட்சம். தாவர சாஸ்திரிகள் அதைக் கிரிப்டோமேரியா என்பார்கள். நம் தேசத்தில் டார்ஜிலிங் மலைச்சரிவுகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து நட்டு, இன்று தூபி என்ற பெயரில் காடுகாடாக நிற்பதும் இந்த மரமே. நேரான மரம் என்று எல்லோரும் இதைப் புகழ்கிறார்கள்; இயல்பிலேயே இது நேராக ஓங்கும் சுபாவமுடையது என்பதும் மெய்தான். ஆயினும் தன் இஷ்டப்படி விடப்பட்ட சுகி எப்படி இருக்கும் என்பதைத் தெற்கே யாகுஷிமா தீவுக்குப் போனால் காணலாம். ஜோமோன் சுகி என்று பெயர் பெற்ற அங்குள்ள மகாவிருட்சத்திற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயது சொல்லுகிறார்கள். சுற்றளவு பதினாறு மீட்டர், உயரம் இருபத்தைந்து மீட்டர் அளவில், புடைத்தும் முறுக்கியும் குழிந்தும் நிற்கிற அந்த மரத்தைக் கண்டு கைகூப்பத் தோன்றும். ஒரு தச்சர் அதிலிருந்து குறையில்லாத ஒரு தூண் அறுக்க வேண்டுமென்றாலோ அவர் திகைத்துப் போவார். தச்சருக்கு வேண்டிய மரம் வேறு. அடியும் நுனியும் ஏறக்குறைய ஒரே பருமனாக, ஆண்டு வளையங்கள் மெல்லியவையாகவும் சமமானவையாகவும், முகத்தில் ஒரு கணுவும் இல்லாததாக அது இருக்க வேண்டும். அந்த மரத்தை இயற்கை அருமையாகத்தான் தருகிறது.

மனிதன் மரத்தின் உள்ளே கைவைக்க முடியாது. பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் படிகின்ற வளையத்தை மெல்லியதாக்கு என்றோ தடிமனாக்கு என்றோ அவன் கட்டளையிட இயலாது. அவன் கைக்கு எட்டுவது இலை ஒன்றே. சூரிய ஒளியைக் கொண்டு இலை சமைக்கும் உணவுதான் மரப்பொருளாக மாறுகிறதாதலால், மரத்தில் எவ்வளவு இலை இருக்கிறது என்பதே அந்த ஆண்டின் வளையம் எவ்வளவு பருமனாகும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. இலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே அந்தப் பருமன் எங்கே அதிகமாகப் படியும் என்பதையும் நிர்ணயிக்கிறது. திறந்த வெளியில் தனித்து நிற்கும் மரம் தரைவரை கிளை பரப்பி, அடி பருத்து நுனி சிறுத்துக் கூம்பாகிறது. ஒவ்வொரு கிளையும் தண்டுக்குள் ஒரு கணுவாகப் புதைகிறது. அதே மரத்தின் இலைக்கொத்து உச்சியில் மட்டும் நிற்கும்படி செய்துவிட்டால், கொத்துக்குச் சற்றுக் கீழே வளையம் தடித்தும், அடிப்பாகத்தில் வளையம் மெலிந்தும் படிய, ஏற்கெனவே பருத்த அடியை நுனி மெல்ல எட்டிப் பிடிக்க, கூம்பாக வேண்டியது உருளையாகிவிடுகிறது. கீழ்க்கிளைகள் சிறுத்திருக்கும்போதே போய்விட்டால் கணு தண்டின் நடுவே அடங்கிப்போய், அதற்குப்பின் படியும் மரம் முழுவதும் மாசற்றதாகிறது. ஜப்பானிய வனவேளாளர் இந்த நியாயத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் செய்த வேலைகளில் மிகப் பலவும் இலையை அளந்து கொடுக்கிற வேலைகளே. எந்த ஊரில் எந்த வழியாக அளந்தார்கள் என்பதில்தான் வேற்றுமை.

யோஷினோ என்னும் பிரதேசம் நாரா நகரத்துக்குத் தெற்கே, மழை ஓயாத மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே காவாகாமி என்ற கிராமத்தில் 1500-ஆம் ஆண்டையொட்டிச் சுகி நாற்று நடத் தொடங்கினார்கள் என்பது மரபு. ஜப்பானில் கிரமமாக மரம் நட்டு வளர்த்த தொழில்களில் இதைவிடப் பழமையானவை மிகச் சில. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சித்தலைவர் ஹிதேயோஷி ஒசாகாவிலும் ஃபுஷிமியிலும் கோட்டைகள் எழுப்பியபோது யோஷினோ மரங்கள் தெப்பங்களாகக் கட்டப்பட்டு ஆற்றோடு இறங்கிச் சென்றன. யோஷினோக்காரர்கள் இலையை அளந்த கருவி நெருக்கம். சாதாரணமாக ஒரு ஹெக்டேரில் 3,000 நாற்று நடுவது ஜப்பானிய வழக்கம். இவர்களோ 8,000 முதல் 12,000 வரை நட்டார்கள். அத்தனை நெருக்கத்தில் ஒரு கன்றுக்கும் பக்கவாட்டில் ஒளி கிடைக்காது. கீழ்க்கிளைகள் விரலளவு பருக்கும் முன்னே நிழலில் வாடி விழும். ஒளி மேலேதான் என்பதால் கன்று மேலேயே ஓடும். முதல் பதினைந்து இருபது ஆண்டுகளில் தண்டின் மையத்தில் படியும் மரம் பொதுவாக அகன்ற வளையமும் குறைந்த உறுதியும் உடையது. நெருக்கம் அந்தப் பகுதியையும் ஒடுக்கிவிடுகிறது.

ஆனால் நெருக்கி நட்டு விட்டுவிடுவது எவனாலும் முடியும். அப்படி விடப்பட்ட காட்டில் மரங்கள் பட்டினியால் நெட்டையாகி, ஒரு புயலுக்கோ ஒரு பனிப்பொழிவுக்கோ மொத்தமாகச் சாய்ந்துவிடும். யோஷினோவின் மேதைமை நெருக்கத்தைக் கலைப்பதில்தான் வெளிப்பட்டது. ஏறக்குறைய பதினைந்தாவது வயதில் தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் சிறிதளவே மரங்களை எடுத்து, எஞ்சியவற்றின் இலைக்கொத்துகள் ஒரேயடியாக விரிந்துவிடாமல் ஒரு மாத்திரை மட்டும் விரியும்படி இடம் விட்டுக்கொண்டே போனார்கள். முதிர்ந்த மரம் பெரியதாதலால், அது ஆண்டுதோறும் ஒரே அளவு வளையம் போட வேண்டுமானால் அதற்கு வேண்டிய இலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவேண்டும். அந்தக் கூடுதலைக் கோடரியால் அளந்து கொடுத்தார்கள் என்று சொன்னால் பொருந்தும். இப்படிப் பல தடவை கலைத்து, எண்பது, நூறு, சில இடங்களில் இருநூறு ஆண்டுகள் சென்றபின், ஆரம்பத்தில் பதினாயிரம் நின்ற இடத்தில் சில நூறு மரங்கள் நிற்கும். எந்த மரத்தை எடுப்பது, எதை விடுவது என்று நிச்சயிக்கிறவனுக்கு அந்த முடிவின் பலனைக் காண ஆயுள் இருக்காது. அவன் பேரனோ பேரனின் மகனோதான் காண்பான். நடுவே எடுக்கப்பட்ட சிறு மரங்களும் வீணாகவில்லை. கழிகளாகவும் கைமரங்களாகவும் அவற்றுக்கு ஒசாகா சந்தையில் விலை இருந்தது. அந்த விலை இருந்ததால்தான் நூறாண்டுப் பொறுமை சாத்தியமாயிற்று என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தச் சிரமம் எல்லாம் யாருக்காக? பதினெட்டாம் நூற்றாண்டு முதற்கொண்டு யோஷினோவுக்கு வாய்த்த பெரிய வாடிக்கைக்காரர்கள் அரிசி மது காய்ச்சுகிறவர்கள். இதாமியிலும் நாதாவிலும் காய்ச்சிய மது, எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, கப்பலில் பீப்பாய் பீப்பாயாகப் போயிற்று. பீப்பாய்ப் பலகையில் ஒரு கணு இருந்தால் அதன் வழியே மது கசியும். வளையம் சமமில்லாவிட்டால் பலகை ஒரு பக்கம் சுருங்கி இடைவெளி விடும். சுகியின் வெளிமரம் வெண்மையாகவும் வைரம் செந்நிறமாகவும் இருக்கும். இரண்டும் கூடுகிற எல்லையிலிருந்து, வெளிமுகம் வெண்மையும் உள்முகம் செம்மையுமாக அறுத்த பலகையே உயர்ந்த பீப்பாய்க்கு உரியது என்று மதித்தார்கள். அந்த எல்லைக்கோட்டை ஒட்டி அறுபட வேண்டுமானால் மரம் எவ்வளவு உருண்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பார்த்தால் நெருங்க நட்ட காரணம் விளங்கும். பீப்பாய்க்குப் போக மிஞ்சிய ஓரத் துண்டுகளைப் பிளந்து, உணவு உண்ணும் குச்சிகள் செய்தார்கள். அந்தத் தொழில் யோஷினோவில் இன்றும் நடக்கிறது.

நூறாண்டு காத்திருக்கப் பணம் வேண்டும். மலைக் கிராமத்தாரிடம் பணம் இல்லை. ஆகையால் நிலத்தின் மேல் நிற்கும் மரங்களுக்கு வெளியூர்த் தனவந்தர்கள் உரிமையாளர்களானார்கள். அந்த மரங்களைப் பேணுகிற பொறுப்பு யாமாமோரி என்னும் உள்ளூர்க் காவற்குடும்பங்களுக்குப் பரம்பரையாக வந்தது. மரம் விற்கும்போது கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு ஐந்து அளவில் ஒரு பங்கு காவற்குடும்பத்துக்கு உண்டு. மரம் நன்றாக விளைந்தால் தன் பங்கும் பெருகும் என்றிருந்தபடியால், எசமானன் ஊரில் இல்லாவிட்டாலும் கலைப்பு வேலை கிரமம் தவறாமல் நடந்தது. காவாகாமியில் பிறந்த தோகுரா ஷோசாபுரோ (1840–1917) என்னும் பெருமகனார் இந்த முறையை யோஷினோவுக்கு வெளியே பல மலைகளுக்கும் கொண்டுசென்று பரப்பினார். பள்ளிகளுக்கும் பாதைகளுக்கும் தம் செல்வத்தை வாரி வழங்கினார். அவருடைய பெயர் காவாகாமியில் ஆற்றங்கரைப் பாறை ஒன்றில் பெரிய எழுத்துக்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. 1898-ஆம் ஆண்டில் மோரி ஷோயிசிரோ என்பவர் விதை பொறுக்குவது முதல் தெப்பம் கட்டுவது வரை எல்லாவற்றையும் படங்களோடு விளக்கி யோஷினோ வனத்தொழில் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார்.

இதே சுகியை நேர் எதிரான வழியில் வளர்த்தவர்களும் ஜப்பானில் உண்டு. கியூஷூ தீவில் ஓபி என்ற பழைய சிற்றரசின் காடுகளில் ஹெக்டேருக்கு ஆயிரம் அளவிலேயே நட்டு, கன்றுகளுக்குத் தாராளமாக இடமும் ஒளியும் கொடுத்து, விரைவில் பருக்கவிட்டார்கள். அவர்களுக்குப் படகு கட்டும் பலகை வேண்டியிருந்தது. அகன்ற வளையமுள்ள, எண்ணெய்ப்பசை மிகுந்த, இலேசாக வளையக்கூடிய மரம் படகுக்கு ஏற்றது; யோஷினோவின் நெருங்கிய ரேகை அங்கே தேவைப்படவில்லை. ஒரே இன மரம். ஒளியின் அளவு வேறாகவே மரத்தின் குணமும் வேறாயிற்று.

யோஷினோ நெருக்கத்தால் சாதித்ததைக் கிதயாமா அரிவாளால் சாதித்தது. கியோட்டோவின் வடமேற்கே கியோதாகி ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில், நாககாவா முதலிய சிற்றூர்களில், வயல் என்று சொல்ல நிலமே இல்லை. எங்கும் செங்குத்தான சரிவு. அந்த மக்களுக்கு அருகிலிருந்த தலைநகரம் ஒரு தொழிலைக் கொடுத்தது. பதினாறாம் நூற்றாண்டில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் காலத்தில் தேநீர்ச் சடங்கு தன் முழு உருவத்தை அடைந்தபோது, ஆடம்பரத்தை விலக்கிய அந்தச் சடங்குக்கு உரிய சிறு மனைகளும், அவற்றிலிருந்து பிறந்த சுகியா என்னும் கட்டட மரபும், சீவிச் சதுரமாக்கிய தூண்களை விட்டு, பட்டை உரித்த உருண்டை மரத்தை அப்படியே நிறுத்துகிற ருசியை வளர்த்தன. வீட்டின் பிரதான அறையில் சித்திரமும் மலரும் வைக்கும் தோகோநோமா என்ற மாடத்தின் பக்கத்தில் ஒரு தூண் நிற்கும். வீட்டின் கௌரவமே அந்தத் தூணில் இருப்பதாகக் கருதினார்கள். உருண்டை மரத்தை அறுக்காமல் சீவாமல் நிறுத்தும்போது அதன் குறை ஒன்றையும் மறைக்க இயலாது. கணு, வளைவு, அடிநுனிப் பருமனின் பேதம் எல்லாம் கண்ணுக்கு நேரே நிற்கும். ஆகவே தச்சர் செய்யவேண்டிய வேலையைக் காட்டில் இருப்பவனே முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்து செய்துவர வேண்டியதாயிற்று.

கிதயாமாவில் நாற்றுகளை விதையிலிருந்து எழுப்புவதைக் காட்டிலும், நற்குணம் கண்ட தாய்மரத்தின் கிளைத்துண்டை நட்டு வேர்விடச் செய்வதே வழக்கம்; அதனால் காடு முழுவதும் ஒரே சுபாவமுள்ள மரங்களாக அமையும். நட்ட ஆறேழு ஆண்டுகளில் கவாத்து தொடங்குகிறது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, மரத்தில் ஏறி, கிளைகளை அடியோடு ஒட்ட, பட்டை கிழியாமல் செதுக்கி எடுத்து, உச்சியில் ஒரு கொத்து மட்டும் விடுகிறார்கள். வெட்டு வழவழப்பாக இருந்தால் காயம் விரைவில் மூடி, மேலே படியும் மரத்தில் சுவடே தெரியாது. ஒரு விரற்கடைத் தண்டு நீண்டிருந்தாலும் உள்ளே அழுகல் புகும். கைதேர்ந்தவர்கள் ஒரு மரத்தின் உச்சியில் வேலை முடிந்ததும் தரைக்கு இறங்குவதில்லை. அந்த மெல்லிய மரத்தை ஆட்டி வளைத்து அடுத்த மரத்தின் உச்சிக்குத் தாவிவிடுவார்கள். இந்த வேலையின் அபாயத்தை எண்ணும்போது, பளபளக்கும் அந்தத் தூண்களுக்கு அளித்த விலை ஒருபோதும் அதிகமாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. பனிக்காலம் கழிந்ததும் இன்னொரு வேலை உண்டு. ஈரப்பனியின் பாரத்தால் சாய்ந்த இளமரங்களைக் கயிறு கட்டி நிமிர்த்த வேண்டும். ஊசியிலை மரம் சாய்ந்து நின்றால் சாய்வின் அடிப்பக்கத்தில் கடினமான, உலரும்போது நீளவாக்கில் சுருங்குகிற ஒருவகை மரத்தைப் போட்டுத் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கும். வெளியே பார்த்தால் மரம் மறுபடி நேராகிவிட்டதாகத் தெரிந்தாலும், அறுத்து உலர்த்திய பின் அந்தப் பக்கம் இழுத்து வளைந்துவிடும்.

அறுவடைக்கு முந்தின குளிர்காலத்தில் நடப்பதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. ஏற்கெனவே சிறுத்த உச்சிக்கொத்திலும் மேலும் சில கிளைகளைக் கழித்து, மரத்தை ஏறக்குறைய உபவாசத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கடைசிப் பருவத்தில் வளர்ச்சி ஒடுங்குவதால் பட்டைக்கு அடுத்த மரம் இறுகி, உரித்தபின் வெடிக்காமலும் மெருகு ஏற்கத்தக்கதாகவும் ஆகிறது. கோடை முடிந்து இலையுதிர்காலம் வரும் சமயத்தில் வெட்டி, இலையைக் களையாமல் விட்டுவைப்பார்கள்; வெட்டுண்ட பின்னும் இலை தண்டிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டிருக்கும். பட்டையை இரும்பால் உரித்தால் கீறல் விழுமென்று மரத்தகட்டால் உரிப்பார்கள். தண்டின் பின்புறத்தில் நீளவாக்கில் மையம் வரைக்கும் ஒரு வாய் அறுத்து ஆப்பு வைத்துவிட்டால், உலரும்போது ஏற்படும் சுருக்கம் எல்லாம் அந்த வாய் வழியே தீர்ந்து, முகப்பு வெடிக்காமல் தப்பும். அதன்பின் மெருகிடுதல். அருகிலுள்ள போதாய் அருவியின் மென்மணலைக் கையில் எடுத்து, நீர் விட்டுத் தேய்த்து, மரத்துக்குப் பட்டின் ஒளி வரச் செய்தவர்கள் அவ்வூர்ப் பெண்கள். கனத்த மரங்களைத் தலையில் சுமந்து மலையிறங்கியவர்களும் அவர்களே. யாசுநாரி காவாபாத்தா தம்முடைய 'பழைய தலைநகரம்' என்ற நாவலில், பிரிந்து வளர்ந்த இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தியை இந்த ஊரில் உழைக்கும் பெண்ணாக வைத்தார். மரத்தின் நேர்த்தியைப் பேசுகிறவர்கள் அந்தக் கைகளைப் பற்றிப் பேசுவது குறைவு என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

நேர்மையே இலட்சியமான ஊரில் அலைவரி விழுந்த மரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டாயிற்று. சில சுகி மரங்களின் தண்டில் இயற்கையாகவே நீளவாக்கில் மடிப்புகள் விழும். அவை தூணுக்கு மிகவும் விரும்பப்பட்டன. கிடைப்பது அருமையாகவே, நிற்கும் மரத்தைச் சுற்றி மெல்லிய குச்சிகளை வரிசையாக வைத்துக் கம்பியால் இறுக்கி, மரம் பருக்கப் பருக்கக் குச்சி அழுந்திப் பள்ளம் விழச் செய்யும் முறையையும் பிற்காலத்தில் கண்டார்கள்.

இனி, புகைப்படத்தில் கண்ட மரத்துக்கு வருவோம். அதற்கு டைசுகி என்று பெயர். சுகியா மனைகளின் கூரைக்குத் தூணைப் போலவே உருண்டையான, மெல்லிய கைமரங்கள் ஏராளமாக வேண்டியிருந்தன. வெளியே நீண்டு தெரியும் இறவாரத்தின் அழகே அவற்றில்தான். ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒரு நாற்று நட்டு, சரிவான பாறை நிலத்தில் இடம் தேடி, வெட்டியபின் மறுபடியும் நடுவதென்றால் கட்டுப்படியாகாது. கரும்பை வெட்டியபின் கட்டையிலிருந்து மறுதாம்பு வருவதைப் போல மரத்திலிருந்தும் வந்தால் நலம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை, இலையே இல்லாமல் வெட்டப்பட்ட கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. கிதயாமாக்காரர்களின் சாதுரியம் இங்கேதான். அவர்கள் இளமரத்தின் கீழ்க்கிளைகள் சிலவற்றைப் பச்சையாகவே விட்டுவைத்து, அவற்றுக்கு மேலேயுள்ள தண்டை வெட்டினார்கள். கீழ்க்கிளைகளின் இலை வேரையும் அடிமரத்தையும் உயிரோடு காக்கும். அந்தக் கிளைகளிலிருந்தும் தூரிலிருந்தும் புதிய குருத்துகள் செங்குத்தாக எழும்பும். அவற்றில் நேரானவற்றை மட்டும் தேர்ந்து வைத்து, மற்றவற்றைக் களைந்து, தேர்ந்தவற்றுக்குத் தனிமரத்துக்குச் செய்கிற கவாத்தை அதே கிரமத்தில் செய்து, உச்சியில் ஒரு சிறு கொத்தோடு நிறுத்துவார்கள். இருபது முப்பது ஆண்டுகளில் ஒரு குருத்து கைமரப் பதத்துக்கு வரும். அதை வெட்டும்போது பக்கத்தில் பத்து வயதுக் குருத்தும் ஐந்து வயதுக் குருத்தும் நிற்கும். இவ்வாறு ஒரே வேரின் மேல் பல தலைமுறைகள் ஏககாலத்தில் நிற்க, தூர் மட்டும் பருத்துக்கொண்டே போய், இருநூறு முந்நூறு ஆண்டுகள் பலன் கொடுக்கிறது.

இந்த யோசனை அவர்களுக்கு எங்கிருந்து உதித்தது என்பதற்கு மலையே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. கியோட்டோவுக்கு இன்னும் வடக்கே, பனி கனத்த ஆஷியூ, கதாநாமி முதலிய காடுகளில் வளரும் சுகி, தன் கீழ்க்கிளைகள் பனியின் பாரத்தால் மண்ணில் அழுந்திய இடத்தில் வேர்விட்டுப் பதியனாகப் பெருகும் இயல்புள்ளது. அங்கே முன்னோர் மேற்பாகத்தை வெட்டிச்சென்ற பெருமரங்களின் மேல், கிளைகளே தண்டுகளாக நிமிர்ந்து, ஒரு மரத்தில் பல மரங்கள் நிற்கின்றன. அவற்றைக் கண்ணால் கண்டு பழகிய மக்களுக்கு டைசுகி ஒரு தாவலாக இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, டைசுகியை உலகக் காடுகளுக்கெல்லாம் ரட்சையாகக் காட்டுவது அதன் உண்மையான பெருமையை மறைப்பதாகும். ஒரு குறிப்பிட்ட பருமனுள்ள மரத்துக்கு, ஒரு குறிப்பிட்ட நகரத்தில், நிலையான கிராக்கி இருந்தவரையில், இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கைநிறைய வேலை செய்ய ஆட்களும் இருந்தவரையில், அது சிறந்தது. கிராக்கி போனபின் அந்த வித்தைக்கு என்ன ஆகும் என்பதையும் அதே மலைகள் காட்டுகின்றன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வெட்டிக் குலைந்த மலைகளில் எல்லாம் சுகியும் ஹினோகி என்ற மற்றோர் ஊசியிலை மரமும் நடுவது தேசிய காரியமாயிற்று. இன்று ஜப்பானில் நட்டு வளர்த்த காடு சுமார் ஒரு கோடி ஹெக்டேர், மொத்த வனப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. அவை நடுவயதுக்கு வருமுன்னே, 1964-ஆம் ஆண்டளவில் அந்நிய மரத்தின் இறக்குமதி தடையின்றித் திறக்கப்பட்டது. 1980-க்குப் பின் உள்நாட்டு மரத்தின் விலை சரிந்தது. சிறுமரத்துக்கு விலை இல்லையென்றதும் நெருக்கத்தைக் கலைக்க ஆள் வைப்பவர் குறைந்தார்கள். ஒளி புகாத காடுகளில் தரையில் புல்பூண்டு இல்லாமல் மண் கரைகிறது. மரங்கள் மெலிந்து நெட்டையாகிப் புயலில் சாய்கின்றன. இளவேனிலில் சுகியின் மகரந்தம் நகரங்களின் மேல் பரவி, மக்களில் பெருந்தொகையினரைத் தும்மலாலும் கண்ணெரிச்சலாலும் வாட்டுகிறது. நெருக்கி நடுவதும் கலைப்பதும் ஒரே முறையின் இரண்டு பாதிகள். முதல் பாதி தேசமெங்கும் நடந்தது. இரண்டாவது பாதிக்குக் கையில்லாமல் போயிற்று. இதைச் சொல்லும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை.

கிதயாமாவின் கதி இன்னும் நேரடியானது. புதிய வீடுகளில் பாய் விரித்த அறை குறைந்தது. அதோடு தோகோநோமாவும் குறைந்தது. தூணுக்கு இடமில்லாமல் போயிற்று. கியோட்டோ மாநிலத்தின் சின்னமான மரம் இன்றும் கிதயாமா சுகிதான். கியோதாகி ஆற்றங்கரையில் மரங்களை நிறுத்தி உலர்த்திய பழைய மரக்கிடங்குகளும் நிற்கின்றன. ஆனால் பதம் வந்தபோது வெட்டப்படாத மரங்கள் தூணுக்குரிய அளவைத் தாண்டிப் பருத்துவிட்டன. டைசுகிகளில் பல கைமரத்துக்காக அன்றி, தோட்டங்களின் அலங்காரத்துக்காகப் பெயர்த்து விற்கப்படுகின்றன. இளைஞர் சிலர் அந்த மரத்தைக் கடைகளின் உள்ளலங்காரத்துக்கும் மேஜை நாற்காலிகளுக்கும் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். கவாத்து அரிவாளைக் கைவிடாத குடும்பங்களும் இருக்கின்றன.

யோஷினோவில் ஒரு பழைய தேவை மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. சோயா சாறு ஊறவைக்கும் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பெரிய மரத்தொட்டிகளைச் செய்கிற தச்சர்கள் ஜப்பானில் ஏறக்குறைய இல்லாமற்போன நிலையில், உள்நாட்டுக் கடலிலுள்ள ஷோடோஷிமா தீவில் பரம்பரையாகச் சோயா சாறு காய்ச்சும் ஒரு குடும்பத்தார், எஞ்சியிருந்த தச்சர்களிடம் தாமே சென்று தொழில் கற்று, சுமார் 2012-ஆம் ஆண்டு முதல் தங்கள் தொட்டிகளைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். குளிர்காலந்தோறும் மற்ற ஊர்களிலிருந்து காய்ச்சுகிறவர்களும் தச்சர்களும் அங்கே கூடி அந்தக் கைவேலையைப் பழகுகிறார்கள். ஒரு தொட்டி நூறு ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதன் பலகைகள் நீளமாகவும் கணுவற்றும் நெருங்கிய ரேகையுடையனவாகவும் இருக்கவேண்டுமென்பதால், நூறு வயது கடந்த யோஷினோ சுகியைத் தேடி வாங்குகிறார்கள். யோஷினோவில் அது இன்னும் நிற்கிறது.